இன்கமிங் மட்டும்

போன மாதம் அம்மா வீட்டு வாசல் வரை வந்த கேஸ் சிலிண்டர் திரும்பிப் போய்விட்டது.

சிலிண்டர் போடுகிற தம்பி அதை இறக்கித் திண்ணையோரம் உருட்டி வைத்துவிட்டு, "ஓடிபி சொல்லுங்கம்மா" என்றிருக்கிறான். ஓடிபி என்றால் போனில் வரும் நம்பர் என்பது வரைக்கும் அம்மாவுக்குத் தெரியும், திறந்து பார்க்கத்தான் தெரியாது. அதனால் வழக்கம்போல பட்டன் போனை அவன் கையிலேயே கொடுத்துவிட்டாள். அவன் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, "மெசேஜே வரலையேம்மா, ரீசார்ஜ் தீந்துபோச்சு போல" என்று சொல்லி, பத்து நிமிடம் நின்றும் பார்த்து, கடைசியில் சிலிண்டரைத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டான். அவனைக் குற்றம் சொல்ல முடியாது. ஓடிபி இல்லாமல் இறக்கினால் அவன் கணக்குதான் உதைக்கும்.

இதை அம்மா என்னிடம் சொன்னதே பக்கத்து வீட்டு அக்காவின் போனிலிருந்து. "நீதான தம்பி போட்டுவிடுவ?" என்று ஒரே ஒரு கேள்வி. ஆமாம், நான்தான் போட்டுவிடுவேன். கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு, அறந்தாங்கிப் பக்கத்தில் இருக்கும் அம்மாவின் போனுக்கு 28 நாளுக்கு ஒரு தரம் ரீசார்ஜ் செய்வது என் வேலை. இந்தத் தடவை மறந்துவிட்டேன். மாதச் சம்பளக்காரனுக்குத் தேதிதான் ஞாபகத்தில் நிற்கும், ஒன்றாம் தேதி வாடகை, ஐந்தாம் தேதி இஎம்ஐ. இந்த 28 நாள் கணக்கோ இந்த மாதம் 17 என்றால் அடுத்த மாதம் 14 அல்லது 15, அதற்கடுத்து 12 என்று பின்னாலேயே நழுவிக்கொண்டு போகும்.

முதலில் அவுட்கோயிங் நின்றிருக்கிறது. அம்மா எனக்கு மிஸ்டு கால் கொடுத்துப் பார்த்திருக்கிறாள். "யாரோ ஒரு பொண்ணு என்னமோ பேசுச்சு, நீ வேலையா இருப்பேன்னு வச்சுட்டேன்" என்றாள். கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நின்றது. அந்த வாரம் நான் ஆடிட் வேலையில் முழுகிக் கிடந்ததால் எனக்கும் தெரியவில்லை. எச்சரிக்கை மெசேஜ்கள் மட்டும் அம்மாவின் போனில் வரிசையாக வந்து கிடந்தன, அத்தனையும் ஆங்கிலத்தில்.

எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். நாட்டில் மிச்சமிருப்பதே நாலு, அதில் ஒன்று.

அன்றைக்கு ராத்திரி ரீசார்ஜ் பண்ணிவிட்டுப் படுத்தவனுக்குத் தூக்கம் வரவில்லை. இருநூறு ரூபாய்க்குக் கிட்ட போகிறது ஒவ்வொரு தடவையும். வருடத்துக்கு 13 தடவை. இதில் அம்மா உபயோகிப்பது என்ன? டேட்டா ஒரு எம்பி கூட இல்லை, அந்தப் போனில் அதற்கு வழியும் இல்லை. அவள் தானாகக் கூப்பிட்டுப் பேசுவது மாதத்துக்கு இருபது நிமிடம் தேறினால் அதிகம். மற்றபடி அந்தப் போன் இருப்பது பிறர் அவளைக் கூப்பிடுவதற்கு. அப்புறம் கேஸ் ஓடிபிக்கு, பேங்க் மெசேஜுக்கு, பதினைந்தாம் தேதி வாக்கில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஏறியதா என்று பார்ப்பதற்கு. அந்த ஆயிரத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, ஆயிரம் வந்துவிட்டது என்று சொல்லும் மெசேஜ் வருவதற்கே போகிறது என்று நினைத்தபோது சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

செல்போன் கட்டணம் என்று பேச்செடுத்தாலே எல்லோரும் டேட்டாவைப் பற்றித்தான் பேசுகிறார்கள். இந்தியாவில் டேட்டா எவ்வளவு மலிவு பார்த்தீர்களா என்பார்கள். மலிவுதான், நான் மறுக்கவே இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட கணக்குப்படி ஒரு ஜிபிக்கு நிறுவனங்களுக்குக் கிடைத்த சராசரி வருமானம் 2014-இல் 269 ரூபாய். 2018-இல் அது 12 ரூபாய்க்கும் கீழே. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஜிபி பேக் 250 ரூபாய் சொச்சத்துக்குப் போட்டுக்கொண்டு அதை ஒரு மாதம் ஓட்டியவன். மெயில் பார்க்கணும் என்றால் டேட்டாவை ஆன் செய்வேன், வந்ததும் ஆஃப் செய்துவிடுவேன். படம் அனுப்பாதே, எழுதி அனுப்பு என்று நண்பர்களைத் திட்டுவேன். அதே ஆள் இப்போது ஒரு நாளைக்கு 2 ஜிபி போதவில்லை என்று ராத்திரி பதினோரு மணிக்கு அங்கலாய்க்கிறேன். ஆக, இந்த மலிவில் வயிறு நிறையத் தின்றவன்தான் இதை எழுதுகிறான், தெரிந்துகொள்ளுங்கள்.

ஆனால் அம்மாவிடம் போய் ஜிபி பன்னிரண்டு ரூபாய் என்று சொல்வது, சர்க்கரை நோய்க்காரரிடம் ஜிலேபி விலை இறங்கிவிட்டது என்று சொல்வதைப் போலத்தான். அவளுக்கு வேண்டிய சரக்கு வேறு. அதற்குப் பெயர் இன்கமிங். அதன் விலை என்ன ஆயிற்று என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை.

எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் இன்கமிங்குக்குக் கொடுத்த முதல் காசு மூன்று ரூபாய். அப்பா அப்போது சிங்கப்பூரில் இருந்தார். கடைத்தெருவில் மஞ்சள் போர்டு போட்ட எஸ்டிடி பூத் ஒன்று, கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு குட்டி விசிறி, தலைக்கு மேலே சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டர். அப்பா அந்தக் கடைக்குப் போன் செய்து பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்துவிடுவார். கடைக்காரர் ஒரு பையனைச் சைக்கிளில் அனுப்புவார். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஓடுவாள். பேசி முடித்ததும் ஆள் அனுப்பியதற்கும், கடையில் உட்கார்ந்ததற்கும் சேர்த்து மூன்று ரூபாய். மீட்டர் ஓடவே இல்லையே என்று நான் ஒருமுறை கேட்டதற்குக் கடைக்காரர், "போன் சும்மாவா தம்பி வருது?" என்றார். பின்னாளில் பெரிய பெரிய நிறுவனங்கள் கோர்ட் வாசல் வரை போய்ச் சண்டை போட்ட கேள்வி அது. அந்த மனிதருக்கு அப்போதே தெளிவாக இருந்திருக்கிறது.

இந்தியாவில் செல்போன் வந்தபோதும் இன்கமிங் சும்மா வரவில்லை. 1995 ஜூலை 31-ஆம் தேதி கொல்கத்தாவிலிருந்து அப்போதைய மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதுதான் முதல் அழைப்பு. அந்தக் காலத்தில் நிமிடத்துக்கு 16 ரூபாய் வரை ஆகும், கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. செல்போன் வைத்திருந்த பெரிய மனிதர்கள் மணி அடித்ததும் எண்ணைப் பார்த்துவிட்டுக் கட் செய்து, பக்கத்தில் இருக்கும் லேண்ட்லைனிலிருந்து திருப்பிக் கூப்பிடுவார்கள். எங்கள் ஊர் ரைஸ்மில் முதலாளி ஒருவர் சட்டைப் பையில் செல்லை வைத்துக்கொண்டு அதே எஸ்டிடி பூத் வரிசையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இது மாறியது 2003 மே மாதத்தில். கூப்பிடுகிறவர்தான் காசு கொடுக்க வேண்டும், எடுக்கிறவருக்குச் செலவில்லை என்றார்கள். இந்தியா முழுக்கச் செல்போன் பரவியதற்கு எத்தனையோ காரணம் சொல்வார்கள். அதே வருடம் 501 ரூபாய் கட்டினால் கையில் போன் என்று ரிலையன்ஸ் கொண்டுவந்த திட்டத்தைச் சொல்வார்கள், 2009-இல் டாடா டோகோமோ ஒரு விநாடிக்கு ஒரு பைசா என்று ஆரம்பித்து மற்ற எல்லோரையும் அந்த வழிக்கு இழுத்ததைச் சொல்வார்கள். எல்லாம் சரிதான். ஆனால் கிராமத்தில் ஒரு அம்மா கைக்குப் போன் வந்ததற்கு மூல காரணம் இன்கமிங் இலவசம் ஆனதுதான் என்பது என் அபிப்பிராயம். பிள்ளை வாங்கிக் கொடுத்தான், பிள்ளை கூப்பிடுகிறான், அவளுக்கு மாதச் செலவு இல்லை. அவ்வளவுதான் விஷயம்.

சரி, எடுக்கிறவர் காசு கொடுக்கவில்லை என்றால் அந்த அழைப்பை அவர் காதுவரை கொண்டுபோய்ச் சேர்த்த நிறுவனத்துக்கு யார் கொடுப்பது? இங்கேதான் ஐயூசி என்று ஒன்று வருகிறது. தமிழில் சொல்வதென்றால் கொண்டுசேர்க்கும் கூலி. நான் ஒரு நிறுவனத்தின் சிம்மிலிருந்து, வேறு நிறுவனத்து சிம் வைத்திருக்கும் அம்மாவைக் கூப்பிட்டால், என் நிறுவனம் அம்மாவின் நிறுவனத்துக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று அப்போது கொடுக்க வேண்டியிருந்தது. எவ்வளவு என்பதை டிராய் நிர்ணயித்தது. 2009 ஏப்ரலிலிருந்து அது 20 பைசா. நம் பில்லில் இது தனியாக வராது, அதனால் பெரும்பாலானவர்களுக்கு இப்படி ஒன்று இருந்ததே தெரியாது. எனக்கும் ரொம்ப நாள் தெரியாமல்தான் இருந்தது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அம்மாவின் பழைய மிஸ்டு கால்களை நான் வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் அதற்கு ஒரு தனி பாஷையே உண்டு. ஒரு ரிங் அடித்துக் கட் ஆனால் பஸ் ஏறியாச்சு. இரண்டு ரிங் என்றால் வீடு வந்து சேர்ந்தாச்சு. மூன்று அடித்தால் நீ கூப்பிடு. அம்மா மூன்று ரிங் கொடுப்பாள், நான் கூப்பிடுவேன், ஒரு பத்து நிமிடம் பேசுவோம். அவள் ஒரு பைசா செலவழிக்கவில்லை, கம்பெனியை ஏய்த்துவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் உள்ளூர ஒரு சந்தோஷம். உண்மையில் நடந்தது என்ன? ஒரு நாளைக்குப் பத்து நிமிடம், மாதம் 300 நிமிடம், நிமிடத்துக்கு 20 பைசா என்றால் 60 ரூபாய். என் நிறுவனத்திலிருந்து அம்மாவின் நிறுவனத்துக்கு. அம்மா ரீசார்ஜே செய்யாமல் அடுப்படியில் உட்கார்ந்தபடி தன் கம்பெனிக்கு மாதம் 60 ரூபாய் சம்பாதித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் அந்தக் காலத்தில் இன்கமிங் மட்டும் போதும் என்கிற ஆட்களை நிறுவனங்கள் வாசலில் நின்று வரவேற்றன. 2005 கடைசியிலும் 2006 தொடக்கத்திலும் லைஃப்டைம் என்று போட்டி போட்டுக்கொண்டு விற்றார்களே, 999 ரூபாய் ஒரு தடவை கட்டினால் போதும், ஆயுள் முழுக்க இன்கமிங் என்று, அது தர்மத்துக்குச் செய்ததில்லை. அம்மாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த முதல் சிம்மும் லைஃப்டைம்தான், கொஞ்சம் பிந்தி வாங்கியதால் விலை குறைந்திருந்தது. "யாரு லைஃப், என்னோடதா கம்பெனியோடதா?" என்று என் மாமா ஒருவர் கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது. விதிப்படி அந்த ஆயுள் என்பது நிறுவனத்தின் உரிமம் இருக்கும்வரைதான்.

அந்தக் காலத்து ரீசார்ஜ் கடைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். பெட்டிக்கடையில் பாக்குச் சரம் மாதிரி பத்து ரூபாய்க் கூப்பன்கள் தொங்கும், நகத்தால் சுரண்டி எண்ணை அழுத்த வேண்டும். பிறகு ஈஸி ரீசார்ஜ் வந்தது, ஒரு நோட்டில் நம் எண்ணை நாமே எழுதிக் கொடுப்போம். பத்து ரூபாய் டாப்அப் போட்டால் வரி, கட்டணம் எல்லாம் கழித்து ஏழு ரூபாய் சொச்சம் ஏறும். இப்போதைய 18 சதவீத ஜிஎஸ்டி கணக்கில் அது 7 ரூபாய் 47 காசு. விநாடிக்கு ஒரு பைசா வீதம் 747 விநாடி, பன்னிரண்டு நிமிடத்துக்குச் சற்று மேலே. அம்மாவுக்கு அந்தப் பன்னிரண்டு நிமிடம் ஒரு மாதம் வரும். ரேட் கட்டர் போடுங்கள், பூஸ்டர் போடுங்கள், ஃபுல் டாக்டைம் இன்றைக்குத்தான் கடைசி என்று கடைக்காரர் எவ்வளவு சொன்னாலும், "பத்து ரூவாக்கி மட்டும் போடு தம்பி" என்பாள். தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் எஸ்எம்எஸ் பேக் வேலை செய்யாது, வாழ்த்து அனுப்பினால் தனிக் காசு. இதெல்லாம் இருந்தும் பத்து ரூபாய்க்கு ஒரு மரியாதை இருந்தது. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு வாங்கலாம்.

2016 செப்டம்பர் 5-ஆம் தேதி ஜியோ வந்ததும் கதை வேறு பக்கம் திரும்பியது. அந்த வருடக் கடைசி வரை எல்லாம் இலவசம், அப்புறம் 2017 மார்ச் வரை நீட்டித்தார்கள். பேச்சுக்குக் காசே இல்லை, டேட்டாவுக்குத்தான் காசு என்பது அவர்கள் கொண்டுவந்த கணக்கு. பேச்சுக்கு நிமிடக் கணக்கில் காசு வாங்கிப் பிழைத்த நிறுவனங்கள் ஆடிப்போயின. எத்தனை பேர் இருந்தார்கள் ஒரு காலத்தில், யூனினார், வீடியோகான், எம்டிஎஸ், டாடா டோகோமோ, ரிலையன்ஸ். சிலர் 2012-இல் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்ததிலேயே ஆட்டம் கண்டிருந்தார்கள், மீதிப் பேர் இதில் போனார்கள். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு கொடுத்தது, சிக்னல் இல்லாமல் போய் எண்ணை மாற்றிக்கொள்ள மக்கள் அலைந்தது தமிழ்நாட்டுக்காரர்களுக்கு மறந்திருக்காது. அதே வருடம் ஆகஸ்ட் கடைசியில் வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாயின. சரி, தெரிந்த கதைதான், இதை விடுவோம்.

நான் சொல்ல வந்தது இதற்கு நடுவே சத்தமில்லாமல் நடந்த இன்னொன்றை. அந்தக் கொண்டுசேர்க்கும் கூலி 2015 மார்ச்சில் 20 பைசாவிலிருந்து 14 பைசா ஆகியிருந்தது. 2017 அக்டோபர் 1-ஆம் தேதி அதை 6 பைசாவாக்கினார்கள். 2020 ஜனவரியிலிருந்து பூஜ்யம் என்று அறிவித்து, அதை ஒரு வருடம் தள்ளிப்போட்டு, 2021 ஜனவரி 1 முதல் பூஜ்யமே ஆக்கிவிட்டார்கள். புதிதாக வந்த ஜியோவுக்கு வெளியே போகும் அழைப்பு அதிகம், அதனால் கூலி குறையணும். பழைய நிறுவனங்களுக்கு உள்ளே வரும் அழைப்பு அதிகம், அதனால் கூலி இருக்கணும். இரண்டு பக்கமும் நியாயம் பேசினார்கள், இரண்டும் லாபக் கணக்குதான்.

அந்தச் சண்டையின் உச்சம் 2019 அக்டோபரில் வந்தது, இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு. வேறு நிறுவனத்துக்குக் கூப்பிட்டால் நிமிடத்துக்கு 6 பைசா என்று ஜியோ வாடிக்கையாளரிடமே வாங்க ஆரம்பித்தது. கூடவே மணி அடிக்கும் நேரத்தைப் பற்றி ஒரு தகராறு. மணியைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால் அது மிஸ்டு கால் ஆகும், எதிராளி திருப்பிக் கூப்பிடுவார், அப்போது கூலி நமக்கு வரும். இதற்காகத்தான் ஜியோ மணியைக் குறைத்துவிட்டது என்று ஏர்டெல் புகார் சொன்னது, பிறகு ஏர்டெலும் வோடஃபோன் ஐடியாவும் தாங்களும் 25 விநாடியாகக் குறைத்துக்கொண்டன. கடைசியில் டிராய் தலையிட்டு, செல்போன் 30 விநாடி அடிக்க வேண்டும் என்று அந்த நவம்பரில் உத்தரவு போட வேண்டியதாயிற்று. அதாவது, எங்கள் அம்மா கண்டுபிடித்து வைத்திருந்த மூன்று ரிங் வித்தையை, ஆயிரக்கணக்கான கோடி புரளும் நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று செய்துகொண்டிருந்தன. கொல்லையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும் எந்த அம்மா 25 விநாடியில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுக்க முடியும் என்று இவர்களில் ஒருவரும் யோசித்த மாதிரி தெரியவில்லை.

இப்போது அம்மாவின் கணக்கைத் திரும்பப் போடுங்கள். அதே 300 நிமிடம். 20 பைசா காலத்தில் 60 ரூபாய், 14 பைசாவில் 42, 6 பைசாவில் 18, 2021-க்குப் பிறகு ஒன்றுமில்லை. சம்பாதித்துக் கொடுத்தவள் வெறும் செலவாக மாறிவிட்டாள். டவரில் இடம் பிடிக்கிறாள், எண் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறாள், வருமானம் சுழி.

இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரிசையை வைத்துப் பாருங்கள். சிம்மை உயிரோடு வைத்திருக்கவே குறைந்தபட்சம் இவ்வளவு என்பது 2018 கடைசியில் வந்தது. ஏர்டெல்லில் அப்போது 28 நாளுக்கு 35 ரூபாய், வோடஃபோன் ஐடியாவும் அப்படியே. 2019 டிசம்பரில் ஏர்டெல் அதை 45 ஆக்கியது. 2021 ஜூலையில் 79, அதே நவம்பரில் 99. பிறகு ஒவ்வொரு மாநில வட்டமாக அதை எடுத்துவிட்டு 155. 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் எல்லாம் விலை ஏற்றியபோது குறைந்தபட்சம் 199. ஆறு வருடத்துக்குள் 35 எங்கே, 199 எங்கே. ஒரு வரிசை இறங்க இறங்க இன்னொரு வரிசை ஏறியிருக்கிறது. டேட்டா விலை 2014-க்கும் 2018-க்கும் நடுவில் தரையில் விழுந்ததைப் பற்றி எழுதாத பத்திரிகை இல்லை. சும்மா ஒரு எண் வைத்திருப்பதன் விலை ஐந்து மடங்குக்கு மேல் ஆனதை நான் எங்கேயும் பெரிதாகப் பார்க்கவில்லை.

அந்த 2018 கடைசியில்தான் அம்மாவுக்கும் மெசேஜ் வந்தது. நான் ஊருக்குப் போயிருந்தபோது போனை வாங்கிப் படித்துப் பார்த்தேன், இனிமேல் ரீசார்ஜ் செய்யாவிட்டால் சேவை இருக்காது என்று இருந்தது. "என்னடா போட்டிருக்கான்?" என்றாள். "உன் லைஃப்டைம் முடிஞ்சுபோச்சாம்மா" என்றேன். "அடப்பாவி, நான் இங்கதானடா உக்காந்திருக்கேன்" என்றாள்.

நிறுவனங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 2019 அக்டோபர் 24-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஏஜிஆர் வழக்கில் அரசு பக்கம் தீர்ப்புச் சொன்னது. உரிமக் கட்டணத்தைக் கணக்கிட எந்தெந்த வருமானத்தையெல்லாம் சேர்ப்பது என்ற பழைய வழக்கு அது. எல்லா நிறுவனங்களும் சேர்ந்து கட்ட வேண்டியது சுமார் 1.47 லட்சம் கோடி ரூபாய் என்று அரசு சொன்னது. அலைக்கற்றை ஏலத்துக்கு வாங்கிய கடன் தனி. வோடஃபோன் ஐடியா கட்ட முடியாத பாக்கியை அரசே பங்காக மாற்றிக்கொண்டு, 2025 ஏப்ரலில் கிட்டத்தட்ட 49 சதவீதத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிட்டது. 4ஜி, 5ஜி டவர்களுக்குக் காசு எங்கிருந்தாவது வர வேண்டும். அதெல்லாம் புரிகிறது.

ஆனால் அந்தக் காசை எப்படி வசூலிப்பது என்பதில்தான் எனக்கு வழக்கு. இந்தத் தொழிலில் எல்லோரும் உருப்போடும் மந்திரம் ஏஆர்பியூ, ஒரு வாடிக்கையாளரிடமிருந்து மாதம் வரும் சராசரி வருமானம். ஏர்டெல்லின் சுனில் மித்தல் அது 200 ஆகணும், பிறகு 300 ஆகணும் என்று வெளிப்படையாகவே சொல்லி வந்திருக்கிறார். சராசரியை ஏற்ற இரண்டு வழி இருக்கிறது. மேலே இருப்பவரிடம் அதிகமாக வாங்கலாம், அல்லது கீழே இருப்பவரைத் தூக்கிவிடலாம், முடியாவிட்டால் கழற்றிவிடலாம். வகுப்பில் தேர்ச்சி சதவீதம் காட்ட, தேறாத பையனுக்கு டிசி கொடுத்து அனுப்புகிற பள்ளிக்கூடம் ஞாபகம் வருகிறதா? குறைந்தபட்ச ரீசார்ஜ் வந்த சில மாதங்களில் பழைய நிறுவனங்களின் வாடிக்கையாளர் எண்ணிக்கை கோடிக்கணக்கில் சரிந்தது, சராசரி ஏறியது. பெரும்பாலும் இரண்டாவது சிம்கள் என்றார்கள். இருக்கலாம். எங்கள் தெருவில் இரண்டாவது சிம் வைத்திருந்தவர்கள் யாரும் பணக்காரர்கள் இல்லை.

தினமும் 2 ஜிபி தின்கிற நான் 28 நாளுக்குக் கொடுப்பது முன்னூற்று சொச்சம். ஒன்றுமே தின்னாத அம்மா இருநூறுக்குக் கிட்ட. ஓட்டலில் சாப்பிட்டவனுக்கு ஒரு பில், தண்ணீர் மட்டும் குடித்தவளுக்கு அதில் பாதிக்கு மேல் பில்.

28 நாளைப் பற்றி நான் தனியாகவே ஒரு கட்டுரை எழுதுவேன், அவ்வளவு ஆத்திரம் இருக்கிறது. நான்கு வாரம், ஒரே கிழமையில் முடியும், அதனால் வசதி என்று சமாதானம் சொல்கிறார்கள். எந்தச் சம்பளமாவது கிழமை பார்த்து வருகிறதா? 28-ஐ 13-ஆல் பெருக்கினால் 364. வருடத்துக்குப் பதின்மூன்று மாதம் வைத்துக்கொண்ட பஞ்சாங்கம் இவர்களுடையது. மூன்று மாதத் திட்டம் என்று நாம் சொல்வது 84 நாள், வருடத் திட்டம் என்று சிலதைப் பார்த்தால் 336 நாள், மீதி 29 நாள் காற்றில் போச்சு. 2022 ஜனவரியில் டிராய் ஒவ்வொரு வகையிலும் 30 நாள் திட்டம் ஒன்றாவது, மாதாமாதம் அதே தேதியில் முடியும் திட்டம் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டது. வைத்திருக்கிறார்கள். ஆப்பில் கீழே, ரொம்பக் கீழே, தேடினால் கிடைக்கும்.

டிராய் விலையை நேரடியாக நிர்ணயிப்பதில்லை, ஒரு சிலவற்றைத் தவிர மற்ற கட்டணங்களை நிறுவனங்களே வைத்துக்கொள்ளலாம், வைத்த பிறகு டிராய்க்குத் தெரிவித்தால் போதும். பத்துப் பன்னிரண்டு பேர் அடித்துக்கொண்ட காலத்தில் அது சரியாக இருந்தது. இப்போது ஒருவர் விலை ஏற்றினால் மறுநாளே மற்றவர்கள் ஏற்றுகிறார்கள். 2024 ஜூலை 3-ஆம் தேதி ஜியோவும் ஏர்டெல்லும், 4-ஆம் தேதி வோடஃபோன் ஐடியா. அப்போது ஏற்றாமல் இருந்தது பிஎஸ்என்எல் மட்டும்தான், அந்த மாதம் அதற்கு 29 லட்சம் பேர் கூடினார்கள். என் நண்பர்களில் இரண்டு பேர் வீராவேசமாக மாறினார்கள். ஒருவன் இன்னும் அங்கேதான் இருக்கிறான், அவனைக் கூப்பிட்டால் மொட்டை மாடிக்கு ஏறி வந்துதான் பேசுவான்.

டிராய் செய்ததில் அம்மாவுக்கு நேரடியாக உதவிய ஒன்றைச் சொல்லணும். 2024 டிசம்பரில், டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டங்களைக் கண்டிப்பாக வைக்க வேண்டும், அவற்றின் வேலிடிட்டி 365 நாள் வரை இருக்கலாம் என்று விதியை மாற்றினார்கள். 2025 ஜனவரியில் அவை வந்தன. முதலில் வைத்த விலைக்கு முணுமுணுப்பு எழுந்ததும் கொஞ்சம் குறைத்தார்கள். அப்போது ஏர்டெல்லில் 84 நாளுக்கு 469, வருடத்துக்கு 1849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1748. மாதத்துக்கு 150 ரூபாய் சொச்சம் வந்தது. மலிவு என்று சொல்ல மாட்டேன், டேட்டாவைக் கழித்தால் இவ்வளவுதான் குறையுமா என்று கேட்கத் தோன்றுகிறது. இருந்தாலும் 13 தடவை ஞாபகம் வைப்பதற்கு ஒரு தடவை மேல்.

அதே சமயத்தில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றியது, 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் சிம் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்று. அது 2013-இலிருந்து உள்ள பழைய விதி. 90 நாள் உபயோகிக்காவிட்டாலும் 20 ரூபாய் இருந்தால் எண்ணைப் பிடுங்கி வேறு ஆளுக்குக் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவுதான். எண் உங்கள் பேரில் இருக்கும், ஆனால் அழைப்பு வரும் என்று அதற்கு அர்த்தமில்லை. பத்து ரூபாய் டாப்அப்பும் இன்னும் இருக்கிறது, இருந்தே ஆக வேண்டும் என்று டிராய் சொல்கிறது. அதை மட்டும் போட்டு என்ன பண்ண, வேலிடிட்டி இல்லாத சிம்மில் ஏழு ரூபாய் 47 காசு, பூட்டிய வீட்டுக்குள் விளக்கு எரிவது போல.

சிலிண்டர் திரும்பிப் போன அந்த வார இறுதியில் ஊருக்குப் போனேன். ஏஜென்சிக்குப் போன் செய்து சொல்லி, அடுத்த நாள் அதே தம்பி கொண்டு வந்து, ஓடிபி வந்து, சிலிண்டர் உள்ளே போயிற்று. உட்கார்ந்து அம்மாவின் எண்ணுக்கு வருடத் திட்டம் ஒன்றைப் போட்டேன். கூடவே, போன் பெட்டியின் அட்டையைக் கிழித்து அடுத்த வருடத் தேதியைப் பேனாவால் எழுதி காலண்டர் ஆணியில் குத்தி வைத்தேன். அம்மா எவ்வளவு என்று கேட்டாள், சொன்னேன், "ஒரு சிலிண்டர் ரெண்டு சிலிண்டர் காசுல்லடா" என்றாள். இனிமேல் நீயே கூப்பிட்டுப் பேசலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், யாரிடம் வேண்டுமானாலும், காசு போகாது என்று விளக்கினேன். தலையை ஆட்டினாள்.

கோயம்புத்தூர் வந்து இறங்கிய மறுநாள் காலை ஏழு மணிக்கு போன் அடித்தது. மூன்று ரிங். கட்.

திருப்பிக் கூப்பிட்டேன். "ஏம்மா, அதான் கட்டியாச்சுல்ல, நீ எவ்வளவு நேரம்னாலும் பேசலாம்னு சொன்னேன்ல?"

"அதுக்காக?" என்றாள். "அடுப்புல பால் இருக்கு தம்பி, வச்சுட்டு அப்புறம் அடிக்கிறேன், நீ கூப்பிடு."